முகக்கவசம் பழகவும் நாள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்தொற்றில் பள்ளியும் பயிற்சி மையமும் ஒரே நாளில் மூடப்படும்போது, ஆட்டிசம் உள்ள பலருக்கு அன்றாட ஒழுங்கே அறுந்துபோகிறது. அடுத்து என்ன என்று தெரியாததுதான் அவர்களைப் பதறவைக்கிறது. தூக்கம் கெடுகிறது, கையைக் கடிப்பதும் தலையை மோதுவதும் கூடலாம். அடம் என்று எண்ணி அதட்டினால் இன்னும் மோசமாகும்.

பல் துலக்குவது முதல் விளக்கணைப்பது வரை படங்களாக ஒட்டிவையுங்கள். முடிந்த வேலையின் படத்தை அவரே கழற்றிப் பெட்டியில் போடட்டும். 'பள்ளி மூடியிருக்கிறது' என்பதற்கும் ஒரு படம் வேண்டும். திறக்கும் தேதி உறுதியாகாதவரை எதையும் சொல்லிவைக்காதீர்கள். சொன்ன தேதி தவறினால் அவர்களுக்கு அது பெரிய அடி.

முகக்கவசத்தை எடுத்த எடுப்பில் மாட்டாதீர்கள். முதலில் கையால் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு கன்னத்தில், அப்புறம் மூக்கின் மேல் 5 விநாடி. அது பழகியபின் 10, 30 என்று கூட்டுங்கள். பலருக்கும் தொல்லை காதை இழுக்கும் நாடாதான். தொப்பியின் இருபுறமும் பொத்தான் தைத்து நாடாவை அதில் மாட்டிவிடலாம்.

2020 ஏப்ரலில் இங்கிலாந்தில், ஆட்டிசம் உள்ளவர்கள் நாளுக்கு ஒருமுறைக்கு மேலும் வெளியே சென்று நடக்கலாம் என்று ஊரடங்கு வழிகாட்டுதல் தளர்த்தப்பட்டது. இத்தகைய விலக்கை எல்லா அரசுகளும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மருத்துவமனையில் பேச இயலாதவருடன் அவரது குறிப்பறிந்த ஒருவர் இருக்கவும் அனுமதி தேவை. வலியைச் சொல்லத் தெரியாதவரைத் தனி வார்டில் விட்டால், அவர் துடிப்பதை முரண்டு என்றே எழுதிவிடுவார்கள்.

– சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சிலர்