குளிர்ச்சட்டையைக் கொண்டு வரச் சொன்னவருக்கு

நடந்தது என்னவென்று நம் தெருவிலும் கோயிலிலும் தெரியாதவர் இல்லை. அதனால், போதைப்பொருள் கடத்துகிறவர்கள் என் மகனைத் தங்கள் வேலைக்கு அனுப்பிய கதையை மறுபடி எழுதப் போவதில்லை. பிள்ளை வீட்டில் இருக்கிறான். மாடியில் உறங்குகிறான். இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி அந்த ரயில் நிலையத்து அம்மாவுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பாள்.

லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு கடலோர ஊர், இரவு ஒன்பதரை மணி. டிக்கெட் இல்லாமல் வந்த 14 வயதுப் பையனுக்கு அவர் அபராதம் எழுதியிருக்கலாம், தொல்லை விட்டது என்று கதவைத் திறந்தும் விட்டிருக்கலாம். அவர் அவனுடைய கால்களைப் பார்த்தார். பள்ளிக்கூடக் காற்சட்டை, அதன் கீழே புத்தம் புதிய, விலை உயர்ந்த சப்பாத்து. முதுகில் பை இல்லை. கையில் இரண்டு கைப்பேசிகள். ஒன்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததாம். வாங்கில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "ஏன் வந்தாய்" என்று கேட்கவில்லை. "உன்னை யார் அனுப்பினார்கள்" என்று கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் என் எண்ணைச் சொன்னானாம்.

"உங்கள் மகன் என் பக்கத்தில் இருக்கிறான். அவனுக்குக் குளிருகிறது. வரும்போது அவனுடைய குளிர்ச்சட்டையைக் கொண்டு வாருங்கள்." இவ்வளவுதான் சொன்னார்.

பொலிஸ், விசாரணை, காகிதங்கள் எல்லாம் பின்னால் வந்தன. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும், பள்ளி விட்ட பிள்ளையைக் கூட்டி வரப் போகிறவளைப் போல, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் பையில் நாலாக மடித்த கணக்குத் தாள் ஒன்று கிடந்தது. அதையே திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தேன்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு அவரிடம் கேட்டேன். முந்தைய ஆண்டு இதே போல் வந்த ஒரு பையனுக்கு அபராதச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்திருக்கிறது. பிள்ளைகளை வைத்துப் போதைப்பொருள் கடத்துகிறவர்கள் முதலில் சப்பாத்து வாங்கிக் கொடுப்பார்கள், பிறகு சின்னதாக ஒரு வேலை, பிறகு தங்கள் ஆட்களை விட்டே பொருளைப் பறித்துவிட்டு, "கடனை அடை" என்று கழுத்தைப் பிடிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பையனின் முகம்தான் கண்முன் நின்றது என்றார். அவன் எங்கே என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. என் பிள்ளை குடித்தது அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய தேநீர்.

அதே சப்பாத்தை மூன்று கிழமையாக நானும் வாசலில் பார்த்தேன். நண்பன் தந்தான் என்றான். எவ்வளவு நல்ல நண்பன் என்று நினைத்தேன்! பள்ளிக்கூடமோ, வராத நாட்களுக்குத் தண்டனையாக மேலும் ஐந்து நாள் வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. அந்த ஐந்து நாள் யாருக்கு வசதியாகப் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவன் திரும்பி 72 மணி நேரத்துக்குள் வந்து, காணாமல் போய்த் திரும்பும் பிள்ளைகளிடம் பேசுவதையே வேலையாகக் கொண்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு மட்டும் பேசிய இளைஞர். அவனைப் பாதிக்கப்பட்டவனாகக் கருதும்படி பரிந்துரை எழுதிய சமூகப் பணியாளர். பிறர் சுரண்டியதால் குற்றத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தற்காப்புத் தரும், 2015 ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45 ஆம் பிரிவை எனக்குப் புரியும்வரை நான்கு முறை விளக்கிய சட்டத்தரணி. சின்னவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா. ஒரு கேள்வியும் கேட்காமல் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டுப் போனவர்கள்: எல்லோருக்கும் நன்றி.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், கோயில் தொண்டர்கள், மூலைக்கடை அண்ணாமார் எல்லோரும் இதே பயிற்சியில் உட்கார வேண்டும். வந்து நடத்தித் தர ஆள் பிடித்துவிட்டேன். "நம் பிள்ளைகள் அப்படியில்லை" என்பவர்களுக்கு முன்வரிசை. போன வருடம் நானும் அதைத்தான் சொன்னேன், உங்களோடு நானும் உட்காருகிறேன். மண்டபச் சாவி கைக்கு வந்துவிட்டது. மரக்கறி ரோல்ஸ் என் பொறுப்பு. தேநீருக்குப் பெரிய குடுவை யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள்.