பொரியாத முட்டையை எறிந்துவிடாதீர்கள்

மொரிஷியஸ் தேசியப் பூங்கா, பாதுகாப்புச் சேவையினருக்கும், பிளாக் ரிவர் கார்ஜஸ் காட்டிலும் இல்-ஓ-ஸெக்ரெட் தீவிலும் கூடுகளைக் கவனிக்கும் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

1990 வாக்கில் காட்டில் பத்துக்குச் சற்று முன்பின்னாகச் சுருங்கிப்போயிருந்த இளஞ்சிவப்புப் புறா இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. 2018இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழேயும் இறங்கியது. ஆனால் தலை எண்ணிக்கை கூடும்போதே மரபணு வளம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று 175 பறவைகளின் மாதிரிகளைப் படித்த ஆய்வு 2022இல் சொன்னது. ஐரோப்பிய விலங்குக் காட்சியகங்களில் வளரும் புறாக்களின் மரபணுக்கள் இங்கே கலக்காவிட்டால், 50 முதல் 100 ஆண்டுக்குள் இந்த இனம் அற்றுப்போகக்கூடும் என்பது அதன் கணிப்பு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். காலில் அடையாள வளையம் போடும்போது எடுக்கிற இரத்தத்தோடு நிற்காதீர்கள். பொரியாத முட்டை, செத்த குஞ்சு இரண்டையும் சேமியுங்கள். உயிரோடிருக்கும் பறவைகளை மட்டும் படித்தால் பிழைத்தவற்றின் கணக்குத்தான் கிடைக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே கேடான மரபணுவை வாங்கிய கரு, முட்டைக்குள்ளேயே முடிந்துபோகிறது. அந்தச் சான்று குப்பைக்குப் போனால் திரும்ப வராது.

விளக்கொளியில் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றதும் ஏட்டில் “கருவுறாதது” என்று எழுதுவது உலகெங்கும் உள்ள பழக்கம். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. முதல் ஓரிரு நாளில் இறந்த கரு வெளிச்சத்தில் தெரியாது. கருவுறவே இல்லையென்றால் ஆண் பறவையையோ ஜோடியையோ மாற்றிப் பார்க்கலாம். கருவுற்று இறந்திருந்தால் உறவுக்குள் இணைந்ததைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முட்டையைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளியைத் தேடுங்கள். கரு தெரிந்தால் உப்புநீரில் அலசி, அரிசி அளவு துண்டை எடுங்கள். தெரியாவிட்டால் புள்ளியைச் சுற்றியுள்ள சவ்வோடு வெட்டி வையுங்கள். ஒளிர் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்களும், சவ்வில் ஒட்டிய விந்தணுக்களும் புலப்படும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்த முட்டையில் இதெல்லாம் கரைந்திருக்கும். ஆகவே தாய் கைவிட்ட அன்றோ மறுநாளோ எடுப்பது நல்லது.

செத்த குஞ்சென்றால் முதலில் தொண்டையில் பஞ்சுக்குச்சி தேய்த்து டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கான சோதனைக்கு எடுத்துவிட்டு, பிறகே தசையை வெட்ட வேண்டும்.

துண்டு ஒரு பங்கு என்றால் எத்தனால் என்ற சாராயம் பத்துப் பங்கு, 95 சதவீதத்துக்குக் குறையாமல். பெரிய துண்டைத் திணித்தால் சாராயம் நடுவே இறங்காமல் உள்ளே அழுகும். இரத்தமென்றால் 0.05 மில்லிலிட்டர் எடுத்தால் போதும். பறவையின் சிவப்பணுவில் டி.என்.ஏ. உள்ள உட்கரு உண்டு என்பதால் ஒரு துளியே தாராளம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பூசிய குழாய் வேண்டாம், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். ஃபார்மலின் கூடவே கூடாது, டி.என்.ஏ.வைப் பிணைத்துச் சிதைத்துவிடும். கரும்பு விளையும் நாட்டில் சாராயத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் 40 சதவீத ரம் இந்த வேலைக்கு உதவாது.

பேனா மையை எத்தனால் அழித்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். கூட்டின் எண், பெற்றோர் வளைய எண்கள், தேதி இருந்தால் போதும். மாதத்தை எழுத்தில் குறியுங்கள். 3/11 என்பது மார்ச்சா நவம்பரா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

உறைபெட்டியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தைப்பூசக் காவடி விடுமுறையும் புயல் பருவமும் ஒரே காலத்தில் வருகின்றன. 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போனாலும் எத்தனாலில் உள்ளது தப்பும். மூடியை மட்டும் ஆவி போகாமல் பாரஃபிலிம் என்ற மெழுகுத் தாளால் சுற்ற வேண்டும்.

பழைய மாதிரிகளின் மதிப்பை மொரிஷியஸ் வல்லூறே காட்டிவிட்டது. 1974இல் காட்டில் நான்கே தெரிந்த அந்தப் பறவை முன்பு எவ்வளவு மரபு வேறுபாடு கொண்டிருந்தது என்பதை, 170 ஆண்டு வரை பழைய அருங்காட்சியகத் தோல்களிலிருந்துதான் 2000இல் அளந்தார்கள்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு கட்டடத்தில் வைக்க அடுத்த இனப்பெருக்கக் காலத்துக்கு முன்பே உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்டுயிர் மரபியல் பணியிலுள்ள மொரிஷியஸ் தமிழர் சிலர்