பழைய காரும் பாப்பாவின் சீட்டும்

அன்பு மகளுக்கு,

பாப்பாவுக்குக் கார் சீட் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் காரின் பின்சீட் பெல்ட்டைப் பார்த்துவிடு. சீட் என்ன விலை, என்ன பிராண்டு என்பதெல்லாம் அப்புறம். பழைய காரில் அந்தப் பெல்ட் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

புதிய கார்களில் பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், 28 செ.மீ. இடைவெளியில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இரண்டு இருக்கும். சீட்டின் கொக்கியை அதில் தள்ளினால் 'க்ளிக்'கென்று மாட்டிக்கொள்ளும். உங்கள் காரில் அது கிடையாது. இடுக்கில் கைவிட்டுத் துழாவும்போது ஏதாவது கம்பி தட்டுப்பட்டால் அது சீட்டின் சட்டமாகத்தான் இருக்கும். அதில் கொக்கியை மாட்டிவிடாதே. பெல்ட்டால் கட்டுவது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். சரியாகக் கட்டினால் பெல்ட்டே போதும். தப்பாகக் கட்டத்தான் வழிகள் அதிகம்.

கிட்டத்தானே போகிறோம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பாப்பா 11 கிலோ. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், அவளைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 150 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அது எந்தக் கைக்கும் கிடையாது.

முதலில் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, வெயிலில் வெளுத்து மொடமொடவென்று ஆகியிருந்தாலோ, எங்காவது உருகினாற்போல் மினுமினுத்தாலோ பெல்ட்டையே மாற்ற வேண்டும். அந்தக் கார் முன்பு பலமாக மோதியிருந்தாலும் அப்படித்தான். அழுக்கு என்றால் இளம் சோப்புத் தண்ணீர் போதும்; ப்ளீச்சோ பெட்ரோலோ வேண்டாம், நூலின் பலம் போய்விடும். பின்சீட்டில் பெல்ட் போடும் பழக்கமே இல்லாத கார்களில், பெல்ட்டை மாட்டும் பக்கிள் அடியில் புதைந்து கிடக்கும். உள்ளே மணலும் பிஸ்கட் தூளும் சேர்ந்திருக்கும். பத்துத் தடவை மாட்டிக் கழற்று. ஒரு தடவை சிக்கினாலும் அதை நம்பாதே. சீட்டின் அடிமெத்தையைத் தூக்க முடிந்தால், பெல்ட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றித் துரு தின்றிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

இனி பூட்டு. தோள் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் நிற்கும். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு அது வசதி. குழந்தை சீட்டுக்கு அது போதாது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்திலும் சீட் ஆடி ஆடிப் பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொள்ளும். காலையில் கட்டிய இறுக்கம் சாயங்காலம் இருக்காது. மோதும் நேரத்தில் அந்தத் தளர்வு எவ்வளவோ, அவ்வளவு தூரம் சீட் முதலில் முன்னால் பாயும். பிறகுதான் பெல்ட் அதைச் சுண்டி நிறுத்தும். தளர்வு அதிகமானால் அந்தச் சுண்டி இழுப்பும் அதிகம்.

பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை இழுத்துவிட்டு உள்ளே போக விடு. போகும்போது 'டிக் டிக்' என்று பற்சக்கரச் சத்தம் கேட்டு, நடுவில் இழுத்தால் வெளியே வராமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. பெல்ட்டைச் சுருட்டி உள்ளிழுக்கும் அந்த ரிட்ராக்டரில் பூட்டு இருக்கிறது. சத்தம் இல்லையென்றால் டங்கைப் பார், அதாவது பக்கிளுக்குள் போகும் உலோக நாக்கை. அதை மாட்டிவிட்டு, தோள் பட்டையை, மடிமேல் போகும் மடிப் பட்டையோடு சேர்ந்தாற்போல் படுக்க வைத்துப் பிடி. பிறகு மடிப் பட்டையை மேலே இழு. நீளவில்லையென்றால் டங்கிலேயே பூட்டு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு நீண்டால் எங்கேயும் பூட்டு இல்லை. பழைய கார்களில் இது சாதாரணம்.

அப்படியென்றால் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் லாக்-ஆஃப் உள்ள சீட்டாகப் பார்த்து வாங்கு. என்னைக் கேட்டால் பழைய காருக்கு அதுதான். மெத்தையும் கப் ஹோல்டரும் எப்படியிருந்தால் என்ன. அது இல்லாத சீட் என்றால் லாக்கிங் க்ளிப் வேண்டும். ஆங்கில 'எச்' எழுத்து வடிவத்தில் தட்டையான இரும்புத் துண்டு. சில சீட்டுகளோடு, பின்புறம் சொருகியபடி வரும். சீட்டை வைத்துப் பெல்ட்டை மாட்டி நன்றாக இறுக்கு. டங்குக்குப் பக்கத்தில் இரண்டு பட்டைகளையும் ஒன்றாகக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பிடியை விடாமலே பக்கிளைக் கழற்று. டங்கிலிருந்து 2.5 செ.மீ.க்குள் க்ளிப்பை இரண்டு பட்டையிலும் கோத்து, மறுபடி மாட்டு. மாட்டுவதற்கு முக்க வேண்டியிருந்தால் சரி. சுலபமாக மாட்டிக்கொண்டால் பெல்ட் இன்னும் தளர்வாக இருக்கிறது, அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் செய். ரிட்ராக்டர் பூட்டு, லாக்-ஆஃப், க்ளிப் என்று இரண்டு மூன்றை ஒன்றாகப் போடாதே, சீட்டின் கையேடு அப்படிச் சொல்லியிருந்தால் தவிர. அந்த இடத்தில் பெரியவர் உட்காரும்போது க்ளிப்பைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

எந்த இடம் என்று கேட்பாய். நடு இடம் நல்லதுதான், பக்கவாட்டு மோதலுக்குத் தூரம். ஆனால் பழைய காரில் நடுவில் மடிப் பட்டை மட்டும் இருக்கும், சீட்டும் அங்கே மேடாக இருக்கும். பல குழந்தை சீட்டுகள் தோள் பட்டையும் சேர்ந்த மூன்று முனை பெல்ட்டைத்தான் ஏற்கும்; சீட்டின் பக்கத்திலேயே படம் ஒட்டியிருப்பார்கள். நடுவில் ஆடுகிற சீட்டைவிட ஓரத்தில் ஆடாத சீட் மேல். இன்னொன்றையும் கவனி: பெல்ட் இடுக்கிலிருந்து வராமல், அதற்கு முன்னால் அடிமெத்தையிலிருந்தே முளைத்து வந்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. அந்த இடத்தை விட்டுவிடு. முன்சீட் வேண்டவே வேண்டாம். அதிலும் ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில், குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய சீட்டை வைத்தால், பை விரியும் வேகத்தில் குழந்தையின் தலைக்கே அடி.

பின்னோக்கி வைப்பதா, முன்னோக்கியா? பாப்பாவை இன்னும் பின்னோக்கியே வை. குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி 15 மாதம் ஆகும்வரை முன்னோக்கித் திருப்பவே கூடாது. அது குறைந்தபட்ச வயதுதான். சீட்டில் குறித்திருக்கும் எடையும் உயரமும் எட்டும்வரை அப்படியே விடலாம். இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்துக்குப் பலம் போதாது. பின்னோக்கி உட்கார்ந்தால் அடியை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். கால் மடங்கியிருக்கிறதே என்று உன் அம்மா அங்கலாய்ப்பாள். சம்மணம் போட்டு உட்காரும் வயசுதான், ஒன்றும் ஆகாது.

பழைய கார்களின் பின்சீட் உள்பக்கமாகச் சரிந்திருக்கும். அதில் பின்னோக்கிய சீட்டை வைத்தால் நிமிர்ந்துபோய், தூங்கும்போது தலை முன்னால் கவிழும். சீட்டின் பக்கத்தில் சாய்வைக் காட்டும் கோடோ குமிழோ இருக்கும். காரைச் சமதரையில் நிறுத்திவிட்டு அதைப் பார். சாய்வு போதாமல், கையேடும் அனுமதித்தால், இறுக்கமாகச் சுருட்டிய துண்டை இடுக்கில் வைத்து மட்டம் பண்ணு. வழுக்குகிறது என்று தடிமனான மெத்தை மட்டும் போடாதே. மோதும்போது அது நசுங்கி, நீ இறுக்கிய இறுக்கமெல்லாம் போய்விடும்.

கட்டும்போது பெல்ட்டை அதற்குரிய பாதையில்தான் விட வேண்டும். பல சீட்டுகளில் பின்னோக்கி வைக்க நீலக் குறி, முன்னோக்கிக்குச் சிவப்பு. பட்டை எங்கேயும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு பெல்ட் போகும் இடத்துக்கு மேல் கையை ஊன்றி முழு எடையையும் கொடுக்கச் சொல். நீ முதலில் மடிப் பட்டையை இழு, பிறகு தோள் பட்டையை. முடிந்ததும் இடது கையால், பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டு. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருக்காதே.

பழைய கார்களில் பக்கிளின் தண்டு நீளமாக இருக்கும். அதனால் இறுக்கியதும் பக்கிள், பெல்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே குழந்தை சீட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் நன்றாக இறுகியதுபோல் தெரியும். மோதும்போது பிளாஸ்டிக் உடையலாம், இல்லை பக்கிள் நெம்பித் திறந்துகொள்ளலாம். தண்டு துணிப்பட்டையாக இருந்து, கையேடுகளும் அனுமதித்தால், அதை மூன்று முழுச் சுற்றுவரை முறுக்கிக் குட்டையாக்கலாம். விறைப்பான தண்டென்றால் இடத்தை மாற்று, இல்லை வேறு சீட் பார்.

பிற்பாடு எப்போதாவது முன்னோக்கித் திருப்பும்போது, சீட்டின் மேல்பகுதியைக் காரோடு பிடித்துக் கட்டும் டாப் டெதர் பட்டை தேவைப்படும். தலை முன்னால் போகும் தூரத்தை அது 10 முதல் 15 செ.மீ. குறைக்கும். பழைய காரில் அதற்குக் கொக்கி இருக்காது. கார் கம்பெனியின் பாகம் கிடைத்தால் அவர்களே குறித்த இடத்தில் போல்ட் போடச் சொல். சாமான் கட்டும் வளையத்தில் மட்டும் மாட்டாதே. அது பெட்டிக்கான பலம்தான்.

பாப்பாவை உட்கார வைக்கும்போது, குழந்தை சீட்டிலேயே இருக்கும் தோள் பட்டை அவள் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயிருந்தோ வர வேண்டும். முன்னோக்கியென்றால் சமமாகவோ மேலேயிருந்தோ. இறுக்கியபின் தோளெலும்புப் பக்கம் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார். மடிப்பு அகப்பட்டால் இன்னும் தளர்வு. மார்பு க்ளிப் இருந்தால் அது அக்குள் மட்டத்தில் இருக்கட்டும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டு. வேண்டுமானால் அப்புறம் மேலே போர்த்து.

யாரோ பயன்படுத்திய சீட் சும்மா கிடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதன் அடியில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். காலாவதி ஆகியிருந்தாலோ, மோதலில் இருந்ததா என்று கொடுப்பவருக்கே தெரியாவிட்டாலோ வேண்டாம் என்று சொல்லிவிடு.

ரிட்ராக்டரில் அந்த 'டிக் டிக்' கேட்கிறதா என்று எழுது. டங்கைப் பக்கிளில் மாட்டியபடி ஒரு படம், பெல்ட் மெத்தையிலிருந்து வெளியே வரும் இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. லாக்-ஆஃப் சீட்டா, க்ளிப்பா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்குப் போகாதே.

அன்புடன்,
அப்பா