முடிச்சிட்ட கைகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நகரங்களை அழகுபடுத்தும் பணிகளைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. நாற்சந்தியில் சிமென்ட் மீன், பூங்காவில் இலைக்குப் பதில் மின்விளக்கு தொங்கும் மரம், கடற்கரையில் நின்று படமெடுத்துக்கொள்ள ஊர்ப்பெயர் எழுதிய பலகை என்று, எந்த ஊரில் வைத்தாலும் பொருந்துகிற, அதனாலேயே எந்த ஊருக்கும் சொந்தமாகாத பொருள்களே இப்பணிகளில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. கடலோர மாவட்டப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதற்கு மாற்றாக, நம் மீனவர்களே முடிச்சிடும் வலைச் சிற்பம் ஒன்றைக் கரையில் எழுப்பலாம் என்ற யோசனையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். யோசனை என்னுடையது என்றாலும் அதன் வேர் மாமல்லபுரத்துக் கடற்கரையில் 1997-இல் நடந்த ஒரு நிகழ்வில் இருக்கிறது.

அமெரிக்க ஓவியர் ஜேனட் எக்கெல்மன் அந்த ஆண்டு அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் விரிவுரையாளராக இந்தியா வந்தார். ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்த அவர், தம் வண்ணங்களை முன்கூட்டியே அனுப்பிவைத்துவிட்டு மாமல்லபுரம் வந்து காத்திருந்தார். வண்ணங்கள் வந்து சேரவில்லை. கண்காட்சி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. சிற்பிகளின் ஊரில் இருக்கிறோமே என்று வெண்கல வார்ப்பில் இறங்கிப் பார்த்தார். பெரிய உருவங்களுக்கு அதன் எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அந்த நிலையில் ஒரு நாள் கடற்கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், எடையே இல்லாமல் பருமனான ஓர் உருவத்தை இதைக் கொண்டு எழுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அம்மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கிய வலைச் சிற்பங்களைக் கம்பங்களில் ஏற்றி நிறுத்தியபோது, கடற்காற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் அவை வடிவம் மாறின. ‘பெல்பாட்டம்’ என்று பெயரிடப்பட்ட அந்த வரிசைதான், பின்னாளில் பல நாடுகளின் நகர வானங்களில் அவர் தொங்கவிட்ட பெரும் வலைச் சிற்பங்கள் அனைத்துக்கும் தாய்.

வலைக்கு முடிச்சிடுவதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. வலை ஊசியில் நூலை ஏற்றி, கண்ணியின், அதாவது வலைத் துளையின், அளவுக்கு வெட்டிய மூங்கில் பட்டையை விரல்களுக்கிடையே பிடித்து, ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் மயிரிழை வேறுபாடு இல்லாமல் முடிச்சிட்டுக்கொண்டே போகிறவர், எத்தனை முடிச்சுக்கு ஒரு கண்ணியைக் குறைத்தால் வலை குவியும், எங்கே கூட்டினால் விரியும் என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காமலே அறிந்திருக்கிறார். இது கணக்கு, வடிவ அறிவு. என் வகுப்புகளில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வேலையில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் நான் மதிப்பெண் போட்டதெல்லாம் பூச்சாடியை எவ்வளவு ஒழுங்காக வரைந்தார்கள் என்பதற்குத்தான். பாடத்திட்டத்தில் பூச்சாடிதான் இருந்தது, வலை இல்லை என்று இப்போது காரணம் சொல்லலாம். அன்று எனக்கே அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

மாமல்லபுரத்துக்குப் பிறகு எக்கெல்மன் எதிர்கொண்ட சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்தது. சில நாள் கடற்கரையில் நிற்கும் வலை வேறு, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் புகையிலும் நகரின் நடுவே நிற்க வேண்டிய வலை வேறு. போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோவை ஒட்டியுள்ள மத்தொசிஞ்ஞோஸ் என்னும் மீன்பிடி நகரின் சாலை வட்டத்துக்கு மேல் நிலையான சிற்பம் ஒன்றை அமைக்கும் பணி கிடைத்தபோது, புற ஊதாக் கதிரால் இற்றுப்போகாத இழையைத் தேடியே அவர் நெடுநாள் செலவிட்டார். கடைசியில் கைகொடுத்தது, நம் வீடுகளில் தோசை ஒட்டாமல் வரும் கல்லின் மேற்பூச்சாக இருக்கும் டெஃப்ளானின் அதே வேதிப்பொருளால் ஆன இழை. பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பாய் வடிவமைக்கும் பொறியாளர் பீட்டர் ஹெப்பல், காற்றில் வலையின் ஒவ்வோர் இழையும் தாங்கும் இழுவிசையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். ‘ஷீ சேஞ்சஸ்’ என்ற அந்தச் சிற்பம் 2005-இல் எழுந்தது. மூன்று எஃகுக் கம்பங்கள், அதிகபட்ச உயரம் 50 மீட்டர், வலையைத் தாங்கும் வளையத்தின் எடை மட்டும் 20 டன்.

அந்த 20 டன் எஃகையும் அடுத்த கட்டத்தில் அவர் கைவிட்டார். 2010-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்காகச் செய்த தற்காலிகச் சிற்பத்தில், எடைக்கு எடை எஃகைவிட 15 மடங்கு வலிமையுள்ள இழையைக் கயிறாக்கி, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களிலேயே வலையை இழுத்துக் கட்டும் முறைக்கு மாறினார். கம்பமும் இல்லை, வளையமும் இல்லை. முற்றிலும் மென்மையான சிற்பம் என்பதால் இறக்கி, மடித்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய் மீண்டும் கட்ட முடிந்தது. 2015-இல் பாஸ்டன் நகரப் பூங்கா ஒன்றின் மேல் மே முதல் அக்டோபர் வரை தொங்கிய சிற்பம் 600 அடி நீளமுடையது. அதில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நூலும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளும் இருந்தும் மொத்த எடை சுமார் ஒரு டன்தான். நகரை இரண்டாகப் பிளந்து நின்ற உயர்மட்டச் சாலையை நிலத்தடிக்கு மாற்றியதால் கிடைத்த வெற்றிடம் அந்தப் பூங்கா. அந்நகரில் ஒரு காலத்தில் இருந்து, கடலைத் தூர்ப்பதற்காக வெட்டியெடுக்கப்பட்ட மூன்று குன்றுகளின் நினைவாக வலையில் மூன்று வெற்றிடங்களை விட்டிருந்தார். ஊரின் வரலாற்றை இப்படிப் பொருளுக்குள்ளேயே வைத்துப் பின்னுவதையும், கடற்கரைப் பலகையில் ஊர்ப்பெயரை எழுதுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இங்கே கணினியின் பங்கைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். கல்லும் காங்கிரீட்டும் வரைந்த இடத்தில் நிற்கும்; வலை நிற்காது. ஓர் இடத்தில் கயிற்றை இழுத்தால் எல்லாக் கண்ணிகளும் நகர்ந்து, தன் எடைக்கும் காற்றுக்கும் ஏற்ப வேறொரு வடிவத்தில் அமரும். நூறு மீட்டருக்கு மேல் அகன்ற வலையில் இதை அனுபவத்தால் மட்டும் ஊகித்துவிட முடியாது என்பதால், வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்கின் துணையுடன் இதற்கென்றே தனி மென்பொருள் உருவாக்கப்பட்டது. அகன்ற பரப்புகளை இயந்திரத் தறிகள் முடிகின்றன. ஆனால் துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதும், தாங்கு கயிறுகளின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்குவதும் இன்றும் கைவேலைதான். கையால் அறிந்ததைப் பெரிதாக்கிச் செய்யவே இங்கே கணினி வந்தது. கையை அகற்றுவதற்காக வரவில்லை.

அவருடைய எல்லாச் சிற்பங்களையும் ஒரே மாதிரி போற்ற நான் வரவில்லை. 2014-இல் கனடாவின் வான்கூவரில் கணினிக் கலைஞர் ஏரன் கோப்ளினுடன் சேர்ந்து அமைத்த 745 அடிச் சிற்பத்தில், கீழே நிற்பவர்கள் தங்கள் கைப்பேசித் திரையில் விரலை ஓட்டினால் மேலே வலையில் ஒளிக்கோடுகள் ஓடின. அழகான காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை மக்கள் பங்கேற்பு என்று சொல்லும்போது எனக்குச் சற்று உறுத்துகிறது. திரையைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் விருந்தினர். 1997-இல் வலையை முடிந்து கொடுத்தவர்கள் பங்காளிகள். தொழில்நுட்பமும் கைவேலையும் மக்களும் ஒன்றுசேரும் கலை என்று நாம் ஒன்றைத் தொடங்கினால், மக்கள் சேர வேண்டிய இடம் பார்க்கும் இடமாக இல்லாமல் செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். இதில் எக்கெல்மன் மேல் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. தம் கலை மாமல்லபுரத்து மீனவர்களிடமிருந்து பிறந்தது என்பதை 2011-இல் ‘டெட்’ என்னும் சொற்பொழிவு மாநாட்டில் ஆற்றிய உரை உட்படப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கடற்கரைக்குப் பலமுறை போயிருக்கிறேன். இதைச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. கல்லில் செதுக்கியதற்கு 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற ஊர், நூலில் முடிந்ததை மறந்துவிட்டது.

இனி யோசனைக்கு வருகிறேன். டென்வர் சிற்பத்தின் பெயர் ‘1.26’. 2010 பிப்ரவரியில் சிலி நாட்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் பூமியின் நிறைப் பரவலைச் சற்றே மாற்றியதால், ஒரு நாளின் நீளம் 1.26 மைக்ரோ நொடி (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்ததாக நாசா அறிவியலாளர்கள் கணக்கிட்டனர். அந்த எண்ணிலிருந்து வந்த பெயர் அது. அதே கணக்கீட்டு முறைப்படி 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் நாளைக் குறைத்தது 6.8 மைக்ரோ நொடி. அந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அன்று உயிர் பிழைத்தவர்கள் பலர் படகையும் வலையையும் இழந்து, முதல் கண்ணியிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். 6.8 என்ற எண்ணைத் தாங்கும் வலைச் சிற்பம் ஒன்று நம் கரையில் எழ வேண்டும்; அதை நம் மீனவர்களே முடிய வேண்டும்.

காலமும் இதற்கு இசைவாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வலை சீரமைப்பதே அப்போதைய வேலை, வருமானமோ சொற்பம். அந்த இரு மாதங்களில் இப்பணியை நடத்தினால், வேண்டிய கைகள் கிடைக்கும். அவர்களுக்கும் கூலி கிடைக்கும். கூலி என்று அழுத்திச் சொல்கிறேன். சமூகக் கலை என்ற பெயரில் மக்களை இலவசமாக வேலை வாங்கிக்கொண்டு, கடைசி நாளில் சான்றிதழும் சிற்றுண்டியும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இதில் நுழையக் கூடாது. சிற்பிக்குத் தரும் மதிப்பு முடிச்சிடுபவருக்கும் தரப்பட வேண்டும். யார் முடிந்த பகுதி எது என்பது பெயருடன் பொறிக்கப்பட வேண்டும். அகன்ற பரப்புகளை நாகர்கோவில் பகுதியின் மீன்வலை ஆலைகளில் முடிந்து வாங்கிக்கொள்ளலாம். காற்றின் விசைக் கணக்கைச் சென்னை ஐ.ஐ.டி.யிடமும், வடிவமைப்பை மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியிடமும் ஒப்படைக்கலாம். கரையில் ஒதுங்கும் பழைய நைலான் வலைகளைச் சேர்த்துச் செய்யலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வெயிலில் இற்ற நைலானை மக்கள் தலைக்கு மேல் கட்டுவது சரியல்ல. தரையோடு நிற்கும் உருவங்களுக்கு வேண்டுமானால் அவற்றைப் பயன்படுத்தலாம்.

எங்கே, எப்போது தொங்கவிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும் அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் இருப்பதால் கடற்கரைக் கோயிலின் அருகே இதற்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஆண்டின் முதல் மாதங்களில் கரையோர வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்குப் போகவிடாமல் திசை திருப்பும். ஐப்பசி பிறந்தால் புயல் கவலை. ஆகவே தடைக்காலத்தில் வலையை முடிச்சிட்டு, ஜூன் பிற்பகுதியில் ஏற்றி, செப்டம்பர் முடிவில் இறக்கிவிடுவதே தக்கது. பறவைகள் சிக்காத அளவில் கண்ணி அமைய வேண்டும் என்பதை முதல் வரைபடத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் டிசம்பர் 26 அன்று அந்த வலை வானில் இருக்காது. கிடங்கில் சுருண்டு கிடக்கும். இது குறையாகத் தோன்றலாம். அந்த நாளில் நம் மக்கள் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறார்கள். அப்போது அவர்கள் தலைக்கு மேல் எதுவும் தொங்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தடைக்காலம் தொடங்கும்போது அளவுகளும் நூலும் கையில் இருக்க வேண்டுமானால், இடத் தேர்வும் பொறியியல் கணக்கும் பொங்கலுக்குள் முடிந்தாக வேண்டும். மீன்வளத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களை அழைத்து முதல் கூட்டத்தை நடத்துமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
திருக்கழுக்குன்றம்