போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டர்

ஆசிரியருக்கு,

பழைய கார் சூடாகி 'டக் டக்' என்று தட்டினாலே இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் காரில் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறாது, ஏற்காடு மலையேறினால்தான் ஏறும், கூடவே தட்டலும். நிற்கும்போது சூடானால் முதலில் ஃபேனைப் பார்க்கலாம். இது மலையேறும் இழுவையில் சூடாவது என்பதால், இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கழற்றினோம், வருடக்கணக்காக ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. ரேடியேட்டரை மாற்றி, தண்ணீருக்குப் பதில் அதற்கான கூலன்ட் திரவம் ஊற்றியதும் தட்டலும் நின்றது. சூட்டில் பெட்ரோல் தானாக வெடித்த சத்தம்தான் அது. ஆனால் ஆயில் விளக்கு எரிந்து அடியிலிருந்து கனமாகத் தட்டினால் இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம், வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், என் கையில் தழும்பு இருக்கிறது.

ஒரு வாசகர், சேலம்