அந்த நான்கு நிமிடம்

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு ராகவன் மாமா வீட்டில் சாப்பாடு. பேச்சு எங்கெங்கோ சுற்றி ஐஸ் ஹாக்கிக்கு வந்தது. நானும் 2009 கதையை எடுத்துவிட்டேன். இங்கே வாஷிங்டனில் உங்கள் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் மயாமி யுனிவர்சிட்டியும் மோதிய கல்லூரி ஹாக்கி தேசிய இறுதிப் போட்டி. மயாமி என்றால் ஃப்ளோரிடா இல்லை, ஒஹாயோ என்று மாமாவுக்கு இந்த முறையும் விளக்க வேண்டியிருந்தது.

3-1 என்று மயாமி முன்னால் இருந்தது, உங்கள் கோச் பார்க்கர் கோல் காக்கும் கோலியை வெளியே எடுத்துவிட்டு கோல் அடிக்க ஆறாவது ஆளை இறக்கியது, கடைசி நிமிடத்தில் சாக் கோஹன் ஒரு கோல், 17.4 விநாடி இருக்கையில் பொனினோ இன்னொரு கோல் என்று 3-3 ஆனது, அப்புறம் ஓவர்டைமில் கோல்பி கோஹன் அடித்த பக் (அந்த ரப்பர் வட்டு) தடுக்க வந்தவன் மேல் பட்டு எகிறி, கோலிக்கு மேலாகப் போய் விழுந்தது (இரண்டு கோஹனுக்கும் சொந்தம் இல்லை, அதையும் சொன்னேன்). புதிதாக வந்திருந்த ஒரு பையன், "அங்கிள், அந்த ரெண்டாவது கோல் விழும்போது நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்டான். "கோலுக்கு நேர் பின்னால" என்றேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளை குரலையே கேட்கவில்லை. வேலை அதிகம் என்கிறாய். இருக்கும். நீ போன் எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் "நல்லா இருக்கேம்ப்பா, வெச்சிடறேன்" என்கிறாய். அவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறாய், எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அப்பாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாத வேலை என்ன வேலை? வேளைக்குச் சாப்பிடு.

அன்று நாம் எங்கே இருந்தோம் என்று உனக்குத் தெரியும். மயாமி மூன்றாவது கோல் போட்டதும், இன்னும் நான்கு நிமிடம் இருக்கும்போதே, மெட்ரோவில் கூட்டம் ஏறிவிடும் என்று உன்னைக் கையைப் பிடித்து எழுப்பியவன் நான். "இருப்பா, இருப்பா" என்றாய். நான் கேட்கவில்லை. எஸ்கலேட்டரில் இறங்கும்போது முதல் இரைச்சல். "ஆறுதல் கோல்" என்றேன். தெருவுக்கு வந்த பிறகு அடுத்தது. கட்டடமே அதிர்ந்தது போல இருந்தது. திரும்பி ஓடினோம். வெளியே போனவர்களை விட மாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள்.

ஓவர்டைம் முழுவதையும் சைனாடவுனில் ஒரு பார் ஜன்னலுக்கு வெளியே நின்று டிவியில் பார்த்தோம். சத்தம் கேட்கவில்லை. சிவப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நீ மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி நின்றாய். உன் மூச்சு படிந்து மறைத்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். உள்ளே எல்லோரும் கத்திக்கொண்டு எழுந்த பிறகுதான் கோல் என்று நமக்குத் தெரிந்தது. வீடு வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மாமா கேட்டபோது, "சூப்பரா இருந்துச்சு மாமா, கோலுக்குப் பின்னாலதான் இருந்தோம்" என்று நீதான் முதலில் சொன்னாய். என்னைக் காப்பாற்ற. இத்தனை வருடமாக அந்தப் பொய்யை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் நீ "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா.

வருகிற வெள்ளிக்கிழமை யூனியன் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறுகிறேன். சாயங்காலம் பாஸ்டனில் இருப்பேன். மாப்பிள்ளை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அம்மா பருப்புப்பொடி தருகிறாள். ஹாலில் படுத்துக்கொள்கிறேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

அப்பா