பழைய நிரலும் புதிய முகவரிகளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததா என்று ஒரு வரிகூட இல்லை; நிரலின் நோயைப் பற்றி மட்டும் மூன்று பக்கம்! இங்கே எல்லோரும் நலம். இளையவள் கல்லூரியில் நெட்வொர்க் நிரலாக்கம் படிக்கிறாள். அதனால் உன் கேள்வி வந்தபோது வீட்டில் ஏற்கெனவே அதே பேச்சுதான்.

ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி மட்டுமே உள்ள சர்வரை உன் நிரல் கண்டுபிடிக்காததற்குக் காரணம், நாம் அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய கெட்ஹோஸ்ட்பைநேம் (gethostbyname) என்ற, பெயருக்கு முகவரி தேடும் சார்பு. அது பழைய வகையான ஐபிவி4 முகவரியைத்தான் தேடும். விடையைத் தன்னுடைய நிலையான நினைவிடத்தில் வைத்துச் சுட்டியை மட்டும் நம்மிடம் கொடுக்கும்; அடுத்த அழைப்பு அதன்மேலேயே எழுதிவிடலாம். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு திரெட்கள் சேர்ந்து அழைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பிலிருந்து அதை நீக்கியேவிட்டார்கள். முகவரியை எழுத்து வடிவாக்கும் ஐநெட்_என்டோஏவுக்கும் (inet_ntoa) இதே வியாதிதான். ஒரே பிரிண்ட்எஃப் வரியில் இரண்டு முகவரிகளை அச்சிட்டால் ஒரே முகவரி இரண்டு முறை வருகிறதே என்று மகள் குழம்பிப்போயிருந்தாள். அதே வேலையைச் செய்யும் ஐநெட்_என்டோபிக்கு (inet_ntop) நினைவிடத்தை நாமே கொடுப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கெட்ஹோஸ்ட்பைநேமை விட்டு, அதற்கு மாற்றான கெட்அட்ரஇன்ஃபோவுக்கு (getaddrinfo) மாறிவிடு. சர்வரின் பெயரையும் போர்ட்டையும் (அதில் எந்தச் சேவை என்று சொல்லும் எண்) சேர்த்தே வாங்கிக்கொள்ளும். போர்ட் எண்ணின் பைட் வரிசையை மாற்றும் ஹெச்டான்ஸ் (htons) போட மறந்து 80ஆம் போர்ட் 20480 ஆகிற கூத்தும் இராது. எப்படிப்பட்ட முகவரி வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புக் கட்டமைப்பை (hints) முதலில் பூஜ்யத்தால் நிரப்பு. குடும்பம் ஏஎஃப்_அன்ஸ்பெக் (ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சரி), வகை சாக்_ஸ்ட்ரீம் (டிசிபி போன்ற தொடர் இணைப்பு). வகையைச் சொல்லாவிட்டால் லினக்ஸில் ஒவ்வொரு முகவரியும் டிசிபி, யுடிபி, ரா என அனுப்பும் முறைக்கு ஒன்றாக மும்முறை வந்து நிற்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். அது தருவது ஒரு முகவரி அல்ல, ஒரு சங்கிலிப் பட்டியல். பலர் முதல் கணுவை எடுத்து கனெக்ட் செய்து, தோற்றால் "சர்வர் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். பட்டியலின் தலையில் பெரும்பாலும் ஐபிவி6 இருக்கும். நம் கணினியில் அந்த முகவரி இருந்தும் வெளியே போகும் பாதை அறுந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் புதிதாக சாக்கெட் (இணைப்பின் நம் பக்க முனை) திற, கனெக்ட் செய், தோற்றால் அதை மூடிவிட்டு அடுத்த கணுவைக் காட்டும் ஏஐ_நெக்ஸ்டுக்குப் போ. தலைச் சுட்டியைத் தனியே வைத்துக்கொள். கடைசியில் பட்டியலின் நினைவிடத்தை விடுவிக்கும் ஃப்ரீஅட்ரஇன்ஃபோவுக்குக் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

கெட்அட்ரஇன்ஃபோவில் பிழை வந்தால், வழக்கமாகப் பிழைச் செய்தி அச்சிடும் பெரரை (perror) நம்பாதே. பெயர் கிடைக்கவில்லை என்றாலும் அது "வெற்றி" என்று அச்சிட்டு நம்மைக் கேலி செய்யலாம். திரும்பி வந்த எண்ணை, அதற்கு விளக்கம் சொல்லும் கை_ஸ்டரெரரிடம் (gai_strerror) கொடு; இயங்குதளப் பிழை என்று சொல்லும் ஈஏஐ_சிஸ்டம் வந்தால் மட்டும், அந்தப் பிழையின் எண் இருக்கும் எர்னோவைப் (errno) பார்.

எனக்கும் கெட்அட்ரஇன்ஃபோமீது ஒரு மனக்குறை உண்டு. காலக்கெடு வைக்க வழியே கொடுக்கவில்லை. பெயர் தேடலுக்கான அமைப்புக் கோப்பான ரிசால்வ்.கான்ஃபில் (resolv.conf) எதுவும் மாற்றாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் 5 வினாடி காத்திருப்பு, இரண்டு முயற்சி. பெயருக்கு முகவரி சொல்லும் பெயர் சர்வர்கள் வாய் திறக்காவிட்டால் நிரலும் அப்படியே உறைந்து நிற்கும். உன்னுடையது திரை உள்ள நிரல் என்பதால் இந்த அழைப்பைத் தனித் திரெட்டில் வை.

இணைப்புப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பு. மகளும் நானும் பார்க்கிறோம். அடுத்த கடிதத்திலாவது முழங்காலைப் பற்றி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்